கை மாறிய காசுக்கே முதல் மரியாதை

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடைக்காரர்கள் தங்கள் பெயரில் அடித்து வெளியிட்ட செப்பு டோக்கன்களைச் சேகரிப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். ஏலங்களில் எவற்றுக்குப் போட்டி அதிகம் என்று பாருங்கள்: வெள்ளியில் அடித்தவை, உலகத்தில் ஒன்றோ இரண்டோ மட்டுமே மிஞ்சியவை, நேற்றுத்தான் அச்சிலிருந்து விழுந்ததுபோல் மின்னுபவை. பழுப்பேறி, முகத்தின் மேடுகள் மழுங்கிய சாதாரணச் செப்பு டோக்கனோ கலவைப் பெட்டியில் கிடக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. போர்க்காலச் சில்லறைப் பஞ்சத்தின் உண்மையான சாட்சி அந்தக் கலவைப் பெட்டியில்தான் இருக்கிறது. ஏலத்தில் உச்ச விலைக்குப் போகும் அரிய வகைகளில் கணிசமானவை அந்தப் பஞ்சத்தோடு சம்பந்தமே இல்லாதவை. இதை ரசனை சார்ந்த கருத்தாகச் சொல்லவில்லை. அந்த டோக்கன்களே காட்டும் ஆதாரத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பஞ்சம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். போர் தொடங்கிய 1861-ம் ஆண்டின் கடைசி நாட்களில் நியூயார்க் வங்கிகள் தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. 1862 பிப்ரவரியில் 'கிரீன்பேக்' என்ற அரசாங்கத் தாள் பணம் சட்டப்படி செல்லும் பணமாக வந்தது. அதைத் தங்கமாக மாற்றிக்கொள்ள வழியில்லை. போர் இழுத்துக்கொண்டே போக, தங்கத்துக்கு எதிரான அதன் மதிப்பு சரிந்தது. தாளின் மதிப்பு இறங்கினால் வெள்ளிக் காசை யார் செலவழிப்பார்கள்? சிலர் பதுக்கினார்கள், சிலர் கனடா பக்கம் அனுப்பி லாபம் பார்த்தார்கள். 1862 கோடைக்குள் வெள்ளிச் சில்லறை கடைவீதியிலிருந்து காணாமல் போனது. மிஞ்சியது ஒரு செண்ட் காசு மட்டும். அது செம்பும் நிக்கலும் கலந்தது. உலோகமாக அதன் மதிப்பு பெரிதில்லை. ஆனால் மற்றச் சில்லறை எல்லாம் போன பிறகு அதற்கும் கிராக்கி வந்து, முகமதிப்புக்கு மேல் கொடுத்தால்தான் கிடைக்கும் என்றானது. அரசு நாணயச்சாலை சும்மா இருக்கவில்லை. 1862-ல் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் செண்ட்களையும், 1863-ல் ஏறத்தாழ 5 கோடி செண்ட்களையும் அடித்துத் தள்ளியது. இருந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. உற்பத்தி குறைந்ததால் வந்த பஞ்சம் அல்ல இது. கைக்கு வந்த காசை வெளியே விட மனம் வராததால் வந்தது.

அரசாங்கத்தின் முதல் பரிகாரம் தபால்தலை. 1862 ஜூலை 17-ம் தேதிச் சட்டம் தபால்தலைகளைப் பணமாகப் பயன்படுத்த வழிசெய்தது. பின்பக்கம் பசை உள்ள தாள் வேர்வைக் கையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜான் கால்ட் என்பவர் பித்தளை வில்லைக்குள் தபால்தலையை வைத்து, அபிரகத் தகட்டால் மூடி, பின்புறத்தில் வணிக நிறுவனங்களின் விளம்பரத்தைப் பொறிக்கும் முறைக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். பிறகு அரசே 'போஸ்டேஜ் கரன்சி' என்று சிறு தாள்களை அச்சிட்டது. ஆனால் அவற்றில் மிகச் சிறியதே 5 செண்ட். ஐந்துக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற இடம் அப்படியே காலியாக இருந்தது. ஒரு குவளை பீர், ஒரு ரொட்டி, ஒரு செய்தித்தாள் என்று அன்றாட வியாபாரம் நடந்ததோ அந்தக் காலி இடத்தில். இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் இலங்கை அரசு வெளியிட்ட 5 சதத் தாளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2 சதம் ஒரு பாதி, 3 சதம் ஒரு பாதி, நடுவில் துளைவரிசை. கிழித்து இரண்டாகவும் செலவழிக்கலாம். சில்லறையின் அடிமட்டம் வரை அரசு இறங்கி வந்தது அங்கே. அமெரிக்க அரசு 1862-ல் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. அந்த இடைவெளியைக் கடைக்காரர்கள் நிரப்பினார்கள்.

1862-ன் பிற்பகுதியில் ஓஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி போன்ற மேற்கு நகரங்களில் தொடங்கிய இந்த வழக்கம், 1863-ல் நியூயார்க்கிலும் வடபகுதி முழுவதிலும் வெள்ளமாகப் பெருகியது. மொத்தம் இரண்டரைக் கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டிருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவற்றில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. கடைப்பெயர் தாங்கியவை 'ஸ்டோர் கார்டு'. பெயரில்லாமல் கொடி, சுதந்திர தேவி, கப்பல், வீர வாசகம் என்று தாங்கியவை 'பேட்ரியாட்டிக்'. பெரும்பாலானவை அரசாங்கச் செண்ட்டைப் போலவே சுமார் 19 மில்லிமீட்டர் குறுக்களவு, ஆனால் தகடு மெல்லிசு. ஸ்டோர் கார்டுகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு கடைத்தெருவே எழுந்து நிற்கும்: மளிகை, தொப்பி, மருந்து, சாராயம், புகைப்படம், ஈமக்கிரியைக்குச் சவப்பெட்டி. நியூயார்க் 41-ம் தெருவில் பை சுடும் ப்ரோவாஸ், வில்லியம் தெருவில் தனியார் தபால் நடத்திய ஹஸ்ஸி என்று முகவரியோடு பெயர்கள் வருகின்றன. பேட்ரியாட்டிக் வகையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் இலை மாலைக்குள் 'ஒன் செண்ட்' என்று பெரிய எழுத்து. அதற்கு மேலே, கண்ணுக்குப் பட்டும் படாமலும், சின்னஞ்சிறு எழுத்தில் 'நாட்'. பார்க்கச் செண்ட்; படித்தால் செண்ட் அல்ல. கள்ள நாணயக் குற்றச்சாட்டுக்கு முன்னெச்சரிக்கையாகச் செதுக்கிய மூன்றெழுத்து அது.

இவற்றை அடித்தவர்கள் அச்சு வெட்டும் கைவினைஞர்கள். சின்சினாட்டியில் ஸ்டாண்டன், லான்ஃபியர்; நியூயார்க்கில் எமில் சீகல்; கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியில் ஸ்கோவில் தொழிற்சாலை. கடைக்காரருக்கு ஒரு பக்கத்தில் பெயரையும் முகவரியையும் வெட்டிக் கொடுப்பார்கள். மறுபக்கத்துக்குத் தயாராக வைத்திருக்கும் பொது அச்சு ஒன்றைப் போட்டு அடிப்பார்கள். அதனால் ஒரே 'இந்தியத் தலை', அதாவது இறகு சூடிய அமெரிக்கப் பூர்வகுடித் தலை உருவம், பத்துக் கடைகளின் பின்பக்கத்தில் வரும். இந்தக் காட்டுக்குள் வழி போட்டவர்கள் ஜார்ஜ் ஃபுல்டும் மெல்வின் ஃபுல்டும். மாநிலம், ஊர், கடை, அச்சு, உலோகம் என்று அடுக்கி அவர்கள் கொடுத்த எண்களைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஓஹாயோ 165 என்றால் சின்சினாட்டி, நியூயார்க் 630 என்றால் நியூயார்க் நகரம். உலோகத்துக்கு ஏ என்றால் செம்பு, பி பித்தளை, ஈ வெள்ளீயக் கலவை, எஃப் வெள்ளி. அருமைக்கு ஆர் 1 முதல் ஆர் 10 வரை. ஐயாயிரத்துக்கு மேல் கிடைப்பவை ஆர் 1, ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தவை ஆர் 10. வகைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். ஆய்வுக்கு இந்தப் பட்டியல் ஒரு வரம். ஆனால் சேகரிப்பவர் மனதில் அது வேறொரு பாடத்தையும் பதித்துவிட்டது: எண் ஏற ஏற மேன்மையும் ஏறுகிறது என்று. என் சண்டை அந்தப் பாடத்தோடுதான்.

பத்தாயிரம் வகைகள் எப்படி வந்தன என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் நாணயம் சேகரிப்பது அப்போதே ஒரு மோகமாகிவிட்டது. பழைய பெரிய செப்புச் செண்ட் 1857-ல் நிறுத்தப்பட்டதும் அது வேகம் எடுத்தது. 1858-ல் நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் நாணயவியல் சங்கங்கள் தோன்றின. அச்சு வெட்டுபவர்களுக்கு இந்த வாடிக்கையாளர்களை நன்றாகத் தெரியும். இந்த முன்பக்கத்தை அந்தப் பின்பக்கத்தோடு மாற்றிப் போட்டு அடித்தார்கள். பித்தளையில், வெள்ளீயக் கலவையில், வெள்ளியில் அடித்தார்கள். இதற்கான சாட்சியம் டோக்கன் மேலேயே இருக்கிறது. சில டோக்கன்கள் அரசாங்கத்தின் வெள்ளி டைம் காசின் மேலேயே அடிக்கப்பட்டவை. டைம் என்பது 10 செண்ட். வெள்ளிக்குப் பஞ்சம் தாண்டவமாடும் நேரத்தில், பத்து செண்ட் பெறும் காசை நசுக்கி ஒரு செண்ட்டாகச் செல்லக்கூடிய டோக்கனாக ஆக்கிக் கல்லாவில் போடும் வியாபாரி உண்டா? செம்பு நிக்கல் செண்ட்டின் மேலேயே அடிக்கப்பட்டவையும் இருக்கின்றன. செண்ட் கிடைக்கவில்லை என்பதற்காகச் செண்ட்டை அழித்துச் செண்ட்டுக்கு மாற்று செய்ய முடியாது. ஆக, அவை சேகரிப்பவர் அலமாரிக்காகவே பிறந்தவை. அவற்றை யாரும் சில்லறையாகக் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஆர் 9, ஆர் 10 என்று உயரத்தில் இருப்பவற்றில் கணிசமானவை இந்த ரகம்.

டோக்கன் என்பது என்ன என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடையில் ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லை என்று சாக்லேட்டை நீட்டுவார்கள். அதே சாக்லேட்டை மறுநாள் ஒரு ரூபாயாகத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், வாங்க மாட்டார்கள். சாக்லேட் சரக்காகிறதே தவிரப் பணமாவதில்லை. ஸ்டோர் கார்டோ திரும்பி வரும். வெளியிட்ட கடைக்காரர் அதை வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் அது பக்கத்துக் கடையிலும் செல்லும். இந்த ஏற்பு நடந்ததா இல்லையா என்பதுதான் அந்தச் செப்புத் துண்டின் முழு வரலாறு. அச்சும் உலோகமும் அருமை எண்ணும் அதைச் சொல்லாது. தேய்மானம் ஒன்றுதான் சொல்லும். இந்தியத் தலையின் கன்னம் மழுங்கி, இறகுகளின் நுனி கரைந்து, விளிம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கும் ஒரு டோக்கன், முன்பின் தெரியாத பலர் தன்னை ஒரு செண்ட் என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு உடம்பிலேயே அத்தாட்சி வைத்திருக்கிறது. மின்னும் டோக்கனிடம் அந்த அத்தாட்சி கிடையாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை வரிசையாக எடுத்துக்கொள்வோம். முதலாவது, பேட்ரியாட்டிக் டோக்கனில் பெயரே இல்லையே, யார் திரும்ப வாங்குவார் என்று நம்பி அதை ஏற்றார்கள்? நியாயமான கேள்வி. வெளியிட்டவர் பெயர் மட்டுமே ஒரு டோக்கனைச் செல்லுபடியாக்கியது என்று நான் சொன்னால் என் வாதம் இங்கேயே விழுந்துவிடும். ஆனால் பெயரில்லாத இந்த டோக்கன்களும் ஏராளமாகத் தேய்ந்த நிலையில் கிடைக்கின்றன. அப்படியென்றால் கடைக்காரர் பெயரை நம்பியது ஒரு பாதிதான். மறுபாதி, அடுத்தவரும் இதை வாங்கிக்கொள்வார் என்ற ஊர் வழக்கத்தை நம்பியது. கொடியும் வீர வாசகமும் போட்ட டிக்ஸ் டோக்கனைப் பாருங்கள். கொடியை இறக்க முயல்பவனை அந்த இடத்திலேயே சுடு என்று 1861-ல் ஜான் டிக்ஸ் அனுப்பிய ஆணையைத் தாங்கிய டோக்கன் அது. அதில் ஒரு வகையில் 'ஸ்பாட்' என்ற சொல்லை அச்சு வெட்டியவர் 'ஸ்பூட்' என்று தவறாக வெட்டிவிட்டார். பிழையோடேயே அது செலாவணியில் போனது. வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது மீதிச் சில்லறை; எழுத்துச் சுத்தம் அல்ல. பெயர் இல்லாமலேயே பணம் நடந்தது என்பதை நமக்குக் காட்டிக் கொடுப்பதும் தேய்மானமே.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. இதெல்லாம் நம்பிக்கையின் கதை அல்ல, லாபத்தின் கதை என்கிறார்கள். ஒரு டோக்கனை அடிக்க ஆகும் செலவு ஒரு செண்ட்டைவிடக் குறைவு. திரும்பி வராத ஒவ்வொரு டோக்கனும் கடைக்காரருக்கு வருமானம். நியூயார்க் மதுக்கடைக்காரர் குஸ்டாவஸ் லிண்டன்முல்லரின் பெயர் இங்கே தவறாமல் வரும். 1863-ல் பத்து லட்சத்துக்கும் மேல் டோக்கன் வெளியிட்டவர் என்று சொல்லப்படுபவர். பயணிகளிடமிருந்து அவற்றை வாங்கிச் சேர்த்துவைத்த தேர்ட் அவென்யூ ரயில்வே, மாற்றித் தரச் சொல்லிப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே கைவிரித்துவிட்டார் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. ரயில்வேக்குச் சட்டத்தில் நிவாரணம் கிடைக்கவில்லை. நான் இதை மறைக்க விரும்பவில்லை. என் வாதத்துக்கு இது தேவையும்கூட. பத்து லட்சம் டோக்கன்களை ஒரு நகரம் வாங்கி, அதில் ஒரு பகுதி ரயில் கம்பெனியின் பெட்டி வரை போய்ச் சேர்ந்தது என்றால், ஏற்பு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். ஏமாற்றம் நடந்ததும் நம்பிக்கை இருந்ததால்தான். லாபம் என்ற நோக்கம், டோக்கனை வெளியிட்டவரைப் பற்றிய உண்மை. தேய்மானமோ அதை வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிய உண்மை. முதலாவது இரண்டாவதை அழிக்காது.

அந்த ஆயிரக்கணக்கானவர்கள் சொன்னதை அரசாங்கமே கடைசியில் கேட்டுக்கொண்டது. நாணயச்சாலை இயக்குநர் ஜேம்ஸ் பொல்லாக், தங்கத்திலும் வெள்ளியிலும் முழு மதிப்பை எதிர்பார்க்கும் மக்கள் சின்னக் காசில் சௌகரியத்தை மட்டுமே எதிர்பார்க்கிறார்கள் என்பதைத் தனியார் டோக்கன்களின் ஓட்டத்தைப் பார்த்தே எடுத்துரைத்தார். விளைவு, 1864 ஏப்ரல் 22-ம் தேதிச் சட்டம். 72 கிரெயின் எடையுள்ள தடித்த செம்பு நிக்கல் செண்ட் போய், 48 கிரெயின் எடையுள்ள மெல்லிய வெண்கலச் செண்ட் வந்தது. அளவு, தடிமன், நிறம் எல்லாம் டோக்கனின் ஜாடை. கூடவே ஒரு புது 2 செண்ட் காசு. அதே சட்டம் தனியார் ஒன்று, இரண்டு செண்ட் காசுகளைத் தடைசெய்து, 1,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதித்தது. ஜூன் 8-ம் தேதி வந்த இன்னொரு சட்டம் தனியார் நாணயம் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டிலேயே நாணயச்சாலை ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சம் வெண்கலச் செண்ட்களை அடித்தது. ஆக, ஒரு நாட்டின் நாணயக் கொள்கையை மாற்றியது கை மாறிய செப்புக் காசுதான். டைம் மேல் அடித்த வெள்ளி அபூர்வத்துக்கு அந்த மாற்றத்தில் எந்தப் பங்கும் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பு நுணுக்கமானது. 1862 இறுதியில் பிறந்து 1864 நடுவில் தடையான ஒரு காசு, இரண்டே ஆண்டில் எவ்வளவு தேய முடியும்? மொழுமொழுவென்று எழுத்தே தெரியாமல் இருப்பவை யாரோ ராசிக்காசாகச் சட்டைப்பையில் வைத்திருந்தவை ஆகக்கூடாதா? ஆகலாம். அதனால்தான் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நான் சொல்லவில்லை. நான் தேடச் சொல்வது மிதமான தேய்மானம்: பளபளப்பு போய் ஒரே சீரான பழுப்பு, இரண்டு பக்கமும் மேடுகள் மட்டும் மழுங்கல், எழுத்துகள் முழுசாகப் படிக்கும் நிலை. தனியொரு காசு எதையும் நிரூபிக்காது என்பதும் உண்மையே. ஆனால் ஒரே கடையின் டோக்கன் இருபது கிடைத்து, அவற்றில் பெரும்பாலானவை இப்படி இருந்தால், அத்தனை பேரும் ராசிக்காசு வைத்திருந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிர்மறையாகவும் இது வேலை செய்யும். ஒரு வகையில் தெரிந்த எல்லாக் காசுகளும் தேயாமல் மின்னுகின்றன என்றால், அது கடைவீதிக்குப் போகவே இல்லை என்று சந்தேகிக்க வலுவான காரணம் கிடைக்கிறது.

நல்ல நிலையில் உள்ள காசில்தானே அச்சு வெட்டியவரின் வேலைப்பாடு தெரியும் என்பது கடைசி எதிர்ப்பு. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எந்த அச்சு எதோடு சேர்ந்தது, எங்கே விரிசல் விட்டது, எது முந்தியது என்று ஆராய மின்னும் காசுகள் கட்டாயம் தேவை. ஃபுல்டுகளின் பட்டியல் அவை இல்லாமல் உருவாகியிருக்காது. அவை அச்சுக்கூடத்தின் வரலாற்றைச் சொல்கின்றன. அதற்குரிய மரியாதை அவற்றுக்கு உண்டு. ஆனால் போர்க்காலச் சில்லறைப் பஞ்சத்தைச் சேகரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அச்சுக்கூடத்தின் வரலாற்றை மட்டும் சேர்த்தால், கடைவீதி அந்தச் சேகரிப்பில் இருக்காது. விலை வேறு, சாட்சியம் வேறு. அருமைக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. விலை ஏறியதால் சாட்சியமும் ஏறிவிட்டது என்று நினைப்பதில்தான் தவறு.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை இது. உலோகத்தையும் அருமை எண்ணையும் துரத்தாமல் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். சின்சினாட்டி, டெட்ராய்ட், நியூயார்க் எதுவானாலும் சரி. அந்த ஊரின் ஆர் 1 முதல் ஆர் 4 வரையுள்ள செப்பு ஸ்டோர் கார்டுகளை, கை மாறிய நிலையில், கடை கடையாகச் சேருங்கள். பெட்டிக்குள் அடைத்து மதிப்பெண் ஒட்டியவை தேவையில்லை. எடை பார்க்கவும் விளிம்பைப் பார்க்கவும் கையில் எடுக்க முடிய வேண்டும். புளி போட்டுத் துலக்கியதுபோல் செக்கச்செவேலென்று இருப்பதைத் தொடாதீர்கள், நீங்களும் துலக்காதீர்கள். அந்தப் பழுப்பைத் தேய்த்து எடுத்தால் ஆதாரத்தையே தேய்த்து எடுத்ததாகும். ஒவ்வொன்றுக்கும் எடை, எந்த மேடு எவ்வளவு மழுங்கியிருக்கிறது, எங்கிருந்து கிடைத்தது என்று எழுதி வையுங்கள். பட்டியல் தயாரிப்பவர்களிடமும் ஒன்று கேட்கலாம்: உலோகத்துக்கும் அருமைக்கும் பக்கத்தில், இந்த வகை புழங்கிய நிலையில் கிடைத்திருக்கிறதா என்று ஒரு கட்டம் சேருங்கள். அந்த ஒரு தகவல் இருந்தால், பத்தாயிரம் வகைகளில் எவை பணமாக வாழ்ந்தன, எவை காட்சிக்காகப் பிறந்தன என்று பிரித்துப் பார்க்க முடியும். அந்தப் பிரிவினைக்கான சான்று இன்று மலிவாகக் கலவைப் பெட்டிகளில் கிடக்கிறது. யாரும் குறித்து வைக்காமல் துலக்கப்பட்டும் சிதறியும் போய்விட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.